எத்தனை ஆண்டுகளாக அறிவீர்

சென்னை - 17
18 ஜனவரி 1970

அன்புள்ள பாஷா,

கைலாசம் எழுதுகிறேன். இங்கே தில்லையம்மாளும் பிள்ளைகளும் நலம். நீ நலமா என்று கேட்க எனக்கு ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது. கோபப்படாமல் கடைசி வரை படி. கோபப்பட்டாலும் படி.

பொங்கலுக்கு அம்மாவைப் பார்க்கப் பிள்ளையார்பாளையம் வந்திருந்தேன். நீ மாசத்துக்கு ஒரு தரமாவது அவளை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாயாம். "அந்தப் புள்ள வந்துக்கினுதான் இருக்குது, நீதான் வர்றதில்ல" என்று என்னை ஒரு பிடி பிடித்தாள். மறுநாள் சாயங்காலம் ஒலி முகமது பேட்டைக்கு நடந்தேன். உன் வீட்டு வாசலில் விளக்கு எரிந்தது. கதவைத் தட்டத்தான் வந்தேன். சைக்கிள் கடை வரை வந்ததும் நின்றுவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எனக்கே ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

பஸ்ஸில் வழியெல்லாம் முனிசாமியின் குதிரை ஜட்கா ஞாபகம்தான். நாற்பத்தொன்பதாம் வருஷம், நமக்குப் பதினெட்டு வயது. டெண்டுக் கொட்டகையில் படம் மாறினால் ஜட்காவின் இரண்டு பக்கமும் விளம்பரத் தட்டி கட்டி, முனிசாமி முன்னால் உட்கார்ந்து ஓட்ட, பின் பலகையில் நாம் இருவர். நீ தகரக் குழாயில் கூவுவாய், நான் நோட்டீஸ் வீசுவேன். தென்னேரியில் மழை பிடித்துக்கொண்ட நாள் நினைவிருக்கிறதா? நோட்டீஸ் எல்லாம் நனைந்து சாயம் கரைந்து என் வேட்டி ரோஸ் ஆகிவிட்டது. "இன்னாடா பண்றது" என்று நான் முழிக்கிறேன். நீ ஏரிக்கரை மரத்தடியில் இறங்கினாய். குழாய்கூட இல்லாமல் படத்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்தாய். முக்கால் கதை சொல்லி, கதாநாயகியைக் காட்டில் தனியாக விட்டுவிட்டு, "மீதி கொட்டகையில" என்று ஜட்காவில் ஏறிவிட்டாய். அந்த வாரம் தென்னேரியிலிருந்து பதினோரு மாட்டு வண்டி வந்தது. விளம்பரம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். மக்கள் தொடர்பு அலுவலர் சங்கத்தில் இந்த வருஷம் நான் செயலாளர். உறுப்பினர் அறுபத்திரண்டு பேர். பட்டியலைத் தட்டச்சுக்குக் கொடுக்கும்போதுதான் உற்றுப் பார்த்தேன். முஸ்லிம் ஒருவர்கூட இல்லை. கிறிஸ்தவர் ஒருவர் இருக்கிறார், அவரும் ஓய்வு பெற்றவர். பெண் ஒருத்தி கிடையாது. மக்கள் தொடர்பு என்று போர்டு மாட்டிக்கொண்டு பாதி மக்களை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறோம். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆண்டுக் கூட்டம். அதில் நீ உறுப்பினராகச் சேர வேண்டும். உன்னைவிடத் தகுதியானவன் எனக்குத் தெரியாது. படிவம் இணைத்திருக்கிறேன். சரி என்று ஒரு வரி எழுது.

உன்
கைலாசம்


காஞ்சிபுரம்
26 ஜனவரி 1970

கைலாசம்,

குடியரசு தினம், நான் வேலை பார்க்கும் நெசவாளர் சொசைட்டிக்கு லீவு. அதனால் உனக்குப் பதில் எழுத நேரம் இருக்கிறது.

சைக்கிள் கடை வரை வந்தவன் இன்னும் இருபது அடி நடந்திருந்தால் டீ குடித்துவிட்டுப் போயிருக்கலாம். அது போகட்டும். தென்னேரியிலிருந்து வந்தது பதினோரு வண்டி இல்லை, ஏழு. மக்கள் தொடர்பு அதிகாரி ஆனதிலிருந்து உனக்கு வண்டிகள் பெருகிக்கொண்டே போகின்றன.

நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. அறுபத்தைந்தில் உன் சங்கத்து விருந்துக்கு என்னைக் கூட்டிப்போனாய். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணி. ஜும்மா தொழுகை நேரம் என்று உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பள்ளிவாசலுக்கு வெளியே எனக்காக எத்தனையோ வெள்ளிக்கிழமை காத்து நின்றவன் நீ. ஆனாலும் நான் ஒன்றும் சொல்லாமல் வந்தேன். பட்டு நெசவாளர் சொசைட்டிக்கு நான் எழுதிய விளம்பரங்களைப் பற்றி நாலு நிமிஷம் பேசினேன். உங்கள் தலைவர் ராஜகோபால் எழுந்து, "பாஷா சாகிப் இவ்வளவு நல்ல தமிழை எங்கே கத்துக்கிட்டார்?" என்றார். மேஜை முழுக்கச் சிரிப்பு. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, பாராட்டத்தான் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். எங்கள் வீட்டுக்குள் உருது, வாசல்படி தாண்டினால் தமிழ். பிறந்ததிலிருந்து அப்படித்தான். யாரிடமோ போய்க் கற்றுக்கொண்டு வந்த பண்டமா அது?

நீயும் சிரித்தாய். உன் முதல் நோட்டீஸை எழுதிக் கொடுத்தது யார் என்று தெரிந்தவன் அந்த மேஜையில் நீ ஒருவன்தான்.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. அதை எழுத எனக்கு மனமில்லை.

இப்போது மறுபடி வா என்கிறாய். எங்கள் ஷோரூமில் மாதிரிச் சேலை ஒன்று தொங்கும். வருகிறவர்கள் எல்லாம் தொட்டுப் பார்த்து நன்றாயிருக்கிறது என்பார்கள். யாரும் அதை வாங்கி உடுத்தப்போவதில்லை. உன் பட்டியலில் அப்படித் தொங்க எனக்கு விருப்பமில்லை.

உனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தால் ஒன்று கேள். இங்கே லில்லி தேவசகாயம் என்று ஒரு பெண். ஆஸ்பத்திரி ஒன்றில் மக்களுக்குச் செய்தி சொல்லும் வேலை. கண் முகாமுக்கு அவள் எழுதிய நோட்டீஸை யாரோ படிக்கக் கேட்டுவிட்டுத் திருப்புட்குழியிலிருந்து நாற்பது கிழவர்கள் நடந்தே வந்தார்கள். போன வருஷம் உங்கள் சங்கத்துக்கு விண்ணப்பித்தாள். உறுப்பினர்கள் இரண்டு பேர் முன்மொழிய வேண்டும், அவர்கள் அவளை ஐந்து ஆண்டாவது அறிந்திருக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டீர்கள். உங்களில் யாரை அவளுக்குத் தெரியும்? உள்ளே இருக்கிறவனைத் தெரிந்தவன்தான் உள்ளே வரலாம் என்றால், உள்ளே இருக்கிறவனைப் போலவே ஒருவன்தான் வருவான். முஸ்லிம் இல்லையே, பெண் இல்லையே என்று பட்டியலைப் பார்த்து ஏன் ஆச்சரியப்படுகிறாய்? உங்கள் விதியைப் பார்.

படிவத்தை மேஜை இழுப்பறையில் போட்டிருக்கிறேன். நிரப்பவில்லை.

ஹயாத் பாஷா


சென்னை - 17
3 பிப்ரவரி 1970

அன்புள்ள பாஷா,

ஏழு வண்டி என்று ஒப்புக்கொள்கிறேன்.

சிரித்தது உண்மை. இந்த ஐந்து வருஷத்தில் அதற்கு எத்தனையோ காரணம் சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் நிற்கவில்லை. சிரிக்காமல் இருந்திருந்தால் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அதற்குப் பயந்தேன். அவ்வளவுதான். மன்னித்துவிடு என்று எழுதினால் அலுவலகக் கடிதம் மாதிரி இருக்கிறது. எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பேச்சுத் தொழிலில் இருந்துகொண்டு இது ஒரு கேவலம்.

செயலாளர் ஆனதும் நான் செய்த முதல் காரியம், கூட்டங்களை வெள்ளிக்கிழமையிலிருந்து ஞாயிறு காலைக்கு மாற்றியது. எதற்கு என்று யாருக்கும் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

லில்லி விஷயம் உண்மைதான், கோப்பை எடுத்துப் பார்த்தேன். அந்த விதியை ஒரே நாளில் புரட்ட முடியாது பாஷா. முதலில் நீ உள்ளே வா. நீயும் நானும் சேர்ந்து புரட்டுவோம். வெளியே நின்று கத்துவதைவிட அது சுலபம்.

இன்னொன்று நடந்தது என்று எழுதியிருக்கிறாய். என்ன அது? அன்று முன்மொழிகிறவன் என்ற முறையில் என் பங்கை நிரப்பி, நீ கையெழுத்துப் போட்டு அனுப்பு என்று ஒரு படிவம் கொடுத்தேன். அதை நீ அனுப்பவேயில்லை. உனக்குச் சேர விருப்பமில்லை என்று நானும் விட்டுவிட்டேன். அதைச் சொல்கிறாயா?

நிர்வாகக் குழுவில் எல்லோரும் உன்னை எதிர்பார்க்கிறார்கள். ராஜகோபாலே கேட்டார். கூட்டத்துக்கு நாள் நெருங்குகிறது. என்னைக் காய விடாதே.

கைலாசம்


காஞ்சிபுரம்
12 பிப்ரவரி 1970

அன்புள்ள கைலாசம்,

ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றியது நல்ல காரியம். அந்த ஒரு வரியை மட்டும் இரண்டு தரம் படித்தேன்.

நேற்று முனிசாமியைப் பார்த்தேன். குதிரையை விற்றுப் பத்து வருஷமாகிறது, இப்போது கொட்டகை சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கிழிக்கிறார். காது மந்தம். உன் கடிதம் வந்த சேதியைக் கத்திச் சொன்னேன். "அந்த நோட்டீஸ் புள்ளையா? எப்டிக்கீறான்? இன்னும் கை வீசிக்கினுதான் கீறானா?" என்றார். உன் கம்பெனி, உன் கார், உன் டை எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ நோட்டீஸ் போடறத உட்டுட்டானா, பாவம்" என்றார். அன்று முழுக்க நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நமக்கு அப்போது தொழிலுக்குப் பெயர் தெரியாது. ஒரு தெருவில் பாட்டைச் சொன்னால் கூட்டம் வரும், இன்னொரு தெருவில் சண்டையைச் சொன்னால் வரும். பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு மேலே கத்த முடியாது என்று தறி நிற்கும் நேரம் பார்த்துப் போவோம். தொண்டை கட்டிவிட்டால் உன் அம்மா மிளகு கஷாயம் வைத்து, எனக்கு முதலில், உனக்கு அப்புறம் கொடுப்பாள். உனக்கு அதில் கொஞ்சம் பொறாமை இருந்தது. அந்த நாளை நினைத்தால் உன்மேல் கோபமாக இருப்பது கஷ்டமாக இருக்கிறது. அதற்காகத்தான் நினைக்காமலே இருந்தேன்.

மார்ச் மூன்றாம் வாரம் சென்னையில் எங்கள் சொசைட்டியின் கண்காட்சி. எப்படியும் வருவேன். உன் கூட்டத்துக்கு வருவதைப் பற்றி யோசிக்கிறேன். யோசிக்கிறேன் என்றுதான் எழுதுகிறேன், சரி என்று எழுதவில்லை. இரண்டும் வேறு என்று வாசி.

அந்த இன்னொரு விஷயத்தை நேரில் பார்த்தால் கேட்பேன்.

பக்ரீத் வருகிறது. உன் அம்மாவுக்கு வழக்கம்போல் இனிப்புச் சேமியா கொடுத்தனுப்புவேன். உனக்குக் கிடையாது.

பாஷா


காஞ்சிபுரம்
2 மார்ச் 1970

திரு. கைலாசம் அவர்களுக்கு,

நேற்று அப்பாதுரையின் டீக்கடையில் பத்து பேருக்கு நடுவில் பேப்பரைப் பிரித்தேன். "மக்கள் தொடர்பு சங்கத்தின் முதல் முஸ்லிம் உறுப்பினர்" என்று தலைப்பு. உள்ளே என் பெயர். சிறுபான்மையினரை அரவணைக்கும் சங்கத்தின் பெருந்தன்மை என்று ஒரு வரி. அதற்குக் கீழே, "'என் சமூகத்துக்கே கிடைத்த பெருமையாக இதைக் கருதுகிறேன்' என்று திரு. ஹயாத் பாஷா கூறினார்" என்று இன்னொரு வரி.

எப்போது கூறினேன்? யாரிடம் கூறினேன்?

கூட்டத்துக்கு முன்பே செய்திக் குறிப்பை அனுப்பிவிடுவதும், பேசாதவன் வாயில் பேச்சை வைப்பதும் நம் தொழிலின் வழக்கம். நானும் செய்கிறேன். எங்கள் சொசைட்டித் தலைவர் இதுவரை சொன்ன நல்ல வார்த்தை எல்லாம் நான் எழுதியது, அவர் படித்துவிட்டுத் தலையாட்டியது. உன் கையெழுத்து இல்லாமலே இது உன் எழுத்து என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் அவரிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புவேன் கைலாசம்.

"இன்னா பாஷா பாய், பேப்பர்லயே வந்துட்டியே" என்று அப்பாதுரை எனக்கு ஓசி டீ கொடுத்தார். ஜமாத்தில் ஒரு பெரியவர், "நம்ம சமூகத்துக்குப் பெருமைன்னு நீ சொன்னியாமே, நம்மள அவங்க இத்தினி நாளு சேக்காம வெச்சிருந்தாங்களா?" என்றார்.  சொசைட்டியில் கூப்பிட்டு, அனுமதி வாங்காமல் வெளிச் சங்கத்தில் எப்படிச் சேர்ந்தாய் என்று எழுத்தில் கேட்டிருக்கிறார்கள். சேராத சங்கத்துக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நேரில் கேட்பேன் என்ற அந்த விஷயத்தை இப்போதே எழுதுகிறேன், இனி நேரில் பார்ப்பதாக இல்லை. அறுபத்தைந்தில் நீ நிரப்பிக் கொடுத்த படிவத்தைப் பஸ்ஸில் பிரித்துப் படித்தேன். "விண்ணப்பதாரரை எத்தனை ஆண்டுகளாக அறிவீர்?" அதற்கு நீ எழுதியது, ஆறு. "எவ்வகையில் அறிவீர்?" அதற்கு நீ எழுதியது, அலுவல் முறையில், கடிதப் போக்குவரத்து வழியாக.

பதினாறு வருஷமாக உன்னைத் தெரிந்தவன் நான், ஜட்காவில் உன் பக்கத்தில் உட்கார்ந்தவன். உன் அம்மா கையால் கஷாயம் குடித்தவன். கடிதப் போக்குவரத்தாம். வாலாஜாபாத் வருவதற்குள் அதை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். ராஜகோபால் கேட்டதையாவது தெரியாமல் கேட்டார் என்று தள்ளிவிடலாம். இதை எப்படித் தள்ளுவது?

எனக்கு இனி எழுத வேண்டாம்.

ஹயாத் பாஷா


சென்னை - 17
6 மார்ச் 1970

பாஷா,

எழுத வேண்டாம் என்றாய். இதைப் படிக்காமல் கிழித்துப் போட்டாலும் நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

நீ யோசிக்கிறேன் என்று எழுதினாய். நான் அதைச் சரி என்று வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வந்துவிட்டால் நீ பின்வாங்க மாட்டாய் என்று ஒரு கணக்கும் போட்டேன். அந்தக் கூற்றைத் தட்டச்சு செய்யும்போது என் கை ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. இருபது வருஷப் பழக்கம். உன் வாயில் நான் வார்த்தை வைத்தேன். ஒரு காலத்தில் என் வாய்க்கு வார்த்தை கொடுத்தவன் நீ.

படிவத்தைப் பற்றி. நீ படித்திருப்பாய் என்று எனக்கு இந்த நிமிஷம் வரை தெரியாது. பாஷா, அந்தச் சங்கத்தில் எல்லோரும் காலேஜ், பம்பாய், இங்கிலீஷ் விளம்பரக் கம்பெனி என்று பேசுகிறவர்கள். நானும் பம்பாயில் பயிற்சி எடுத்ததாகச் சொல்லி வைத்திருந்தேன். பம்பாயை நான் இன்றுவரை பார்த்ததில்லை. பதினாறு வருஷம் என்று எழுதினால் எப்படிப் பழக்கம் என்று கேட்பார்கள். ஜட்கா வரும், தகரக் குழாய் வரும், ரோஸ் வேட்டி வரும். என்னை மறைக்கப் பார்த்தேன். அதற்கு உன்னை மறைக்க வேண்டியிருந்தது. தென்னேரிக் கதையை நான் அங்கே மூன்று விருந்தில் சொல்லியிருக்கிறேன், எங்கேயோ கார் ஜன்னல் வழியாகப் பார்த்த யாரோ ஒரு பையனின் கதை மாதிரி. அதையும் இப்போதே தெரிந்துகொள்.

பேப்பருக்குத் திருத்தம் அனுப்பிவிட்டேன். சங்கத்தின் பெயரில் இல்லை, என் பெயரில். "திரு. ஹயாத் பாஷா சங்கத்தில் சேரவில்லை. அவர் கூறியதாக வந்தது அவர் கூறியதல்ல. அது நான் இட்டுக்கட்டியது." இந்தத் தொழிலில் யாரும் இப்படி எழுத மாட்டார்கள் என்று உதவி ஆசிரியர் ஃபோனில் இரண்டு தரம் கேட்டார். போடுங்கள் என்றேன். அதே வாசகத்தில் உங்கள் சொசைட்டிக்கும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போயிருக்கிறது, உன்மேல் பழி வராது.

மார்ச் 22 அன்று நீ வர மாட்டாய். வரச் சொல்லவும் மாட்டேன்.

கைலாசம்


சென்னை - 17
24 மார்ச் 1970

பாஷா,

பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. கூட்டத்தில் நடந்ததை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

திருத்தம் வந்த அன்றே ராஜகோபால் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். "செயலாளரே தன்னைப் பொய்யன்னு பேப்பர்ல போட்டுக்கிட்டா சங்கத்து மானம் என்ன ஆகும் கைலாசம்?" என்றார். ராஜினாமாவைக் கையோடு கொடுத்தேன். ஆண்டுக் கூட்டம் வரை இரு என்றார்.

ஞாயிறு காலை, செயலாளர் அறிக்கை படிக்கும் நேரத்தில் அறிக்கையை மூடி வைத்தேன். இங்கிலீஷில் ஆரம்பித்து, பாதியில் தமிழுக்கு வந்துவிட்டேன். பம்பாய் பொய் என்றேன். ஜட்காவைச் சொன்னேன். அறுபத்தைந்தில் இதே மேஜையில் ஒருவருடைய தமிழைக் கேட்டுச் சிரித்தோம், எங்கே கற்றார் என்று கேட்டோம், அவர் எங்கும் கற்கவில்லை, எனக்கு இருக்கிற தமிழ்தான் அவரிடம் கற்றது என்றேன். ராஜகோபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு விதித் திருத்தத்தை முன்மொழிந்தேன். முன்மொழிகிறவர்கள் வேண்டாம், ஐந்து வருஷப் பழக்கம் வேண்டாம், தான் செய்த வேலையில் மூன்று மாதிரி அனுப்பினால் போதும், சேர்க்க மறுத்தால் சங்கம் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ஒரு மணி நேரம் சண்டை. கண்டவர்களும் வந்துவிடுவார்கள் என்றார் ஒருவர். கடைசியில் ராஜகோபால் எழுந்தார். "என்னை முன்மொழிஞ்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் என் மாமனார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், சொல்லிவிட்டுத் திருத்தத்துக்கு ஆதரவாகக் கை தூக்கினார். ஆதரவு இருபத்துநாலு, எதிர்ப்பு பத்தொன்பது.

லில்லிக்கு முன்கூட்டியே எழுதி வரச் சொல்லியிருந்தேன். அவளுடைய கண் முகாம் நோட்டீஸைச் சபையில் படித்தார்கள். அன்றே சேர்த்துக்கொண்டார்கள். முதல் பெண் உறுப்பினர் என்று செய்திக் குறிப்பு தயாரிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். அந்தப் பெண்ணைக் கேளுங்கள் என்றேன். வேண்டாம் என்றாள்.

என் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டார்கள். இருங்கள் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

கூட்டம் கலைந்ததும் உங்கள் கண்காட்சி வாசல் வரை நடந்தேன். நீ உள்ளே யாருக்கோ சேலையைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தாய். எழுத வேண்டாம் என்றவனிடம் எப்படிப் பேசுவது? திரும்பிவிட்டேன்.

கைலாசம்


காஞ்சிபுரம்
5 ஏப்ரல் 1970

அன்புள்ள கைலாசம்,

பங்குனித் திருவிழாக் கூட்டம் இப்போதுதான் குறைந்திருக்கிறது. பதினைந்து நாள் ஊரில் உட்கார இடமில்லை. அதனால்தான் தாமதம் என்று நீ நம்பினால் எனக்கு வசதி.

உன் திருத்தம் வந்த பேப்பரை அதே டீக்கடையில், அதே பெஞ்சில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். அப்பாதுரை, "அப்போ அன்னிக்கி குடிச்ச டீக்கு காசு குடு" என்றார். கொடுத்தேன். சொசைட்டியில் என் விளக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள். உன் பதிவுத் தபாலைத் தலைவர் என்னிடம் காட்டினார். இவரை நம் பக்கம் இழுக்க முடியுமா என்று கேட்டார்.

இவ்வளவுக்கும் பிறகும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். லில்லி வந்து கூட்டத்தில் நடந்ததைச் சொன்னாள். நீ எழுதியதைவிட நன்றாகச் சொன்னாள். போகிறபோது, "சார், தென்னேரிக் கதையும் சொன்னாரு. உங்க பேரைச் சொல்லித்தான் சொன்னாரு. கேட்டவங்க நம்பல, ஒரு மழையில கத சொன்னதுக்கு வண்டி கட்டிக்கினு வந்தாங்களான்னு சிரிச்சாங்க. ஏழு வண்டிதான், கூட ஒண்ணு கிடையாதுன்னாரு" என்றாள்.

ஏழு என்றாயாமே. அவ்வளவு பெரிய சபையில், உன் பதவியும் பேரும் போய்க்கொண்டிருக்கிற நேரத்தில், இன்னும் நாலு வண்டியைச் சேர்த்துச் சொல்ல உனக்கு எவ்வளவு ஆசையாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் போன பிறகு கொஞ்ச நேரம் எனக்கு வேலை ஓடவில்லை. உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

சொசைட்டியில் அனுமதி கேட்டு வாங்கிவிட்டேன். புது விதிப்படி மூன்று மாதிரிகளைத் தனித் தபாலில் உங்கள் சங்கத்துக்கு அனுப்பியிருக்கிறேன். மூன்றும் தமிழில். பிடித்தால் சேர்க்கட்டும், பிடிக்காவிட்டால் காரணம் எழுதட்டும். சேர்ந்தால் முதலில் கேட்கப்போவது கூட்ட நடவடிக்கை ஏன் தமிழில் இல்லை என்று. அதற்கு நீ இப்போதே தயாராக இரு, செயலாளர் இல்லாவிட்டாலும் உனக்கு ஒரு ஓட்டு இருக்கிறது.

இத்துடன் இருப்பது அறுபத்தைந்தாம் வருஷத்துப் படிவம். மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. முன்மொழிகிறவர் இனிச் சங்கத்துக்குத் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தேவை. அந்த இரண்டு கட்டத்தையும் அடித்துவிட்டு மறுபடி எழுதி அனுப்பு.

பாஷா


சென்னை - 17
9 ஏப்ரல் 1970

அன்புள்ள பாஷா,

படிவத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அடித்து எழுதியதில் மை கொஞ்சம் ஊறிவிட்டது. உனக்குப் படிக்கச் சிரமமாக இருக்கும் என்று இங்கேயும் எழுதுகிறேன்.

விண்ணப்பதாரரை எத்தனை ஆண்டுகளாக அறிவீர்? இருபத்தொன்று. இதில் கடைசி ஐந்து வருஷம் நான் அறியாதவன் மாதிரி இருந்தேன். கழிக்க வேண்டுமென்றால் கழித்துக்கொள்ளலாம்.

எவ்வகையில் அறிவீர்? முனிசாமியின் ஜட்காவில், பின் பலகையில். பாஷா இடது பக்கம், நான் வலது பக்கம். அவன் சொல்லுவான், நான் வீசுவேன்.

இதைத் தபாலில் போட்டுவிட்டு பஸ் டிக்கெட் வாங்கப் போகிறேன். ஞாயிறு காலை முதல் பஸ். இந்தத் தரம் சைக்கிள் கடையில் நிற்க மாட்டேன்.

கைலாசம்